கே.பி. சுந்தராம்பாள்: கேட்டதும் சொன்னதும்

பழைய இசைத்தட்டு சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதில் பாதி அலமாரி கே.பி.எஸ்.தான், அதாவது நாடக மேடையிலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

சார், ‘கே’ கொடுமுடி. ‘பி’ அப்பா பெயரா?

இல்லை, அம்மா பெயர். பாலாம்பாள். பிறந்தது 1908இல், காவிரிக்கரைக் கொடுமுடியில். வளர்த்ததும் அம்மாதான், அதனால் அந்த எழுத்து வெறும் அலங்காரம் இல்லை.

சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்தார் என்கிறார்களே, நிஜமா?

வறுமை நிஜம். ரயிலில் பாடிய சிறுமியின் குரல் எஃப்.ஜி. நடேச ஐயர் காதில் விழுந்தது என்பது காலம் காலமாகச் சொல்லப்படும் கதை. நடேச ஐயர் ரயில்வே அதிகாரி, திருச்சியில் நாடகம் வளர்த்தவர். எப்படியோ, சிறுமி மேடைக்கு வந்துவிட்டாள். வேலு நாயர் குழுவில் ‘நல்லதங்காள்’ நாடகத்தில் மூத்த பிள்ளை வேடம். “பசிக்குதே, வயிறு பசிக்குதே” என்று பாட வேண்டும். அந்த வரிக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

அண்ணே, ஸ்பெஷல் நாடகம் ஸ்பெஷல் நாடகம் என்கிறீர்களே, அதில் என்ன ஸ்பெஷல்?

நல்ல கேள்வி. இது புரியாமல் கே.பி.எஸ். புரியமாட்டார்.

கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே கொட்டகையில் சாப்பிட்டு, படுத்து, ஒத்திகை பார்ப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அதெல்லாம் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஓர் ஊர், பபூன் (கோமாளி) வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சில சமயம் மேடையில்தான் முதல் சந்திப்பே நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் கதை நகர்ந்துவிடும். நடுவில் வருகிற தர்க்கம் இருக்கிறதே, அது அந்த ராத்திரிக்கு அந்த இரண்டு பேர் கட்டுவது.

‘வள்ளி திருமணம்’ எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிறாள். வேடன் வேஷத்தில் முருகன் வந்து மானைக் காணோம் என்று தேடுகிறான். “மேயாத மான், புள்ளி மேவாத மான்” என்று அடையாளம் சொல்லச் சொல்ல, அது எந்த மான் என்று கொட்டகையில் இருக்கிற கடைசி ஆளுக்கும் புரிந்துவிடும். வள்ளிக்கு மட்டும் புரியாத மாதிரி நிற்க வேண்டும். அப்புறம் பதிலுக்குப் பதில். அவன் பாட்டு வரியை வளைத்து ஒரு சங்கதி போட்டால் இவள் அதற்கு மேலே ஒன்று போட வேண்டும். விட்டுக்கொடுத்தால் சீட்டியடித்தே இறக்கிவிடுவார்கள். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை இதுதான் நடக்கும், ஒலிபெருக்கியும் கிடையாது.

ஐந்து கட்டை சாரீரம் என்கிறார்கள். கட்டை என்றால் என்ன? எனக்குச் சங்கீதம் தெரியாது, எளிமையாகச் சொல்லவும்.

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணுங்கள். ஐந்தாவதை ஆதார சுருதியாக, அதாவது பாட்டின் அடிப்படை ‘ஸ’வாக வைத்துக்கொண்டு பாடினால் ஐந்து கட்டை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். கே.பி.எஸ்.ஸுடன் மேடையில் ஜோடியாக நடித்த பாடகர் கிட்டப்பா ஆணாக இருந்துகொண்டு அந்த உயரத்தில் பாடினார், அதனால்தான் அந்த ஜோடிக்குச் சுருதி ஒத்துப்போனது. பெண்களுக்கு ஐந்து கட்டை அதிசயம் இல்லை. அங்கிருந்து மேல் ஸ்தாயிக்குப் போன பிறகும் குரல் மெலியாமல், ஒவ்வொரு எழுத்தும் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். கே.பி.எஸ். பாடும் ‘ழ’வையும் ‘ற’வையும் கவனியுங்கள். மைக் இல்லாத மேடை சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு அது.

கிட்டப்பாவுடன் காதலா, கல்யாணமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டும்தான். 1926இல் இலங்கையில் சேர்ந்து நடித்தார்கள், அடுத்த ஆண்டு மணம். செங்கோட்டை கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, அது தெரிந்த விஷயம். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிறகு மனஸ்தாபம், பிரிவு. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. படித்தால் கோபமும் கெஞ்சலும் ஒரே பக்கத்தில் இருக்கும். 1933 டிசம்பரில் கிட்டப்பா போனார், வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைக் கதர்ப் புடவைதான், இன்னொரு ஆணுக்கு ஜோடியாக நடிக்கவில்லை.

இதைத் தியாகம், பத்தினித்தனம் என்று உருகி எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஜோடி வேடம் வேண்டாம் என்று கதவை அடைத்துவிட்டு, அதற்குப் பிறகும் 40 ஆண்டுகள் தொழிலில் முதல் வரிசையில் நின்றாரே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

ஒரு லட்சம் சம்பளம் வாங்கிய கதை?

மேலே சொன்ன கெட்டிக்காரத்தனம் இதுதான். ‘பக்த நந்தனார்’ படத்துக்குக் கேட்டு வந்தார்கள். தட்டிக்கழிக்க லட்சம் ரூபாய் என்றாராம், அவர்கள் சரி என்றுவிட்டார்கள். படம் வந்தது 1935இல். பவுன் முப்பது ரூபாய்க்கும் கீழே விற்ற காலம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேடம் நந்தனார், ஆண் வேடம், ஜோடிப் பேச்சுக்கே இடமில்லை. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. ஆனாலும் சம்பளம் வரலாறாகிவிட்டது.

‘ஔவையார்’ பார்த்தேன். மெதுவாகப் போகிறது. ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

மெதுவாகத்தான் போகும், மறுக்கவில்லை. 1953இல் ஜெமினி வாசன் எடுத்தது. இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. கதைக்காகப் பார்க்காதீர்கள், பாட்டுக்காகப் பாருங்கள். அப்போது அவருக்கு 45 வயதுதான். கிழவியாக நடிக்க வந்தவர் கடைசிவரை கிழவியாகவே நின்றுவிட்டார். ‘மணிமேகலை’யில் (1940) இளந்துறவி, இதில் ஔவை, ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகள். பட்டியலைப் பார்த்தால் அத்தனையும் ஜோடி இல்லாத வேடங்கள்.

பூம்புகாரில் கலைஞர் எழுதிய வரியை மாற்றச் சொன்னாராமே?

ஆமாம், பலரும் சொல்கிற சம்பவம். நின்று கொல்லும் தெய்வம் எங்கே போய்விட்டது என்ற பொருளில் ஒரு வரி. நான் முருக பக்தை, தெய்வம் இல்லை என்கிற மாதிரி பாடமாட்டேன் என்றுவிட்டார். தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று கலைஞர் மாற்றிக் கொடுத்தார். ‘எங்கே’ ‘இங்கே’ ஆனது, சந்தம் கெடவில்லை. இருவரையும் மெச்சத்தான் வேண்டும்.

அரசியல் பக்கம் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

காங்கிரஸ்காரர். சத்தியமூர்த்தி இழுத்து வந்தார். “காந்தியோ பரம ஏழை சன்னியாசி” என்ற இசைத்தட்டு அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. கொடுமுடி வீட்டில் காந்திக்குத் தங்கத் தட்டில் சாப்பாடு போட்டதும், அவர் தட்டையும் கேட்டு வாங்கி ஏலம் விட்டதும் பிரசித்தம். பிறகு சட்ட மேலவை உறுப்பினர். சினிமாவிலிருந்து சட்டமன்றப் படியேறியவர்களில் முன்னோடி.

தேசிய விருது எந்தப் படத்துக்கு?

‘துணைவன்’, 1969. சிறந்த பின்னணிப் பாடகி விருது. வேடிக்கை என்னவென்றால், பாடியதும் அவரே, திரையில் வாயசைத்ததும் அவரே. இதில் பின்னணி எங்கிருந்து வந்தது? அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. காலமானது 1980 செப்டம்பரில்.

இளைஞர்கள் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் “பழம் நீயப்பா”. கேட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். உடம்பு பெரிதாக ஆடாது, கழுத்தும் கண்ணும்தான் வேலை செய்யும். ஸ்பெஷல் நாடக ஆள் அப்படித்தான் நிற்பார், மூச்சு முழுக்கப் பாட்டுக்கே போய்விடும். இயக்கிய ஏ.பி. நாகராஜனும் டி.கே.எஸ். குழு மேடையில் பெண் வேடம் போட்டு வளர்ந்தவர். அதனால் அந்த நிற்றலைக் கலைக்காமல் விட்டார் என்பது என் கணிப்பு.

இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறதா? பார்க்க ஆசை.

நடக்கிறது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் திருவிழாக் காலத்தில் போங்கள். நடிகர்களின் படம் போட்ட நோட்டீஸ் டீக்கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். ‘வள்ளி திருமணம்’ என்று இருந்தால் விடாதீர்கள். முதலில் பபூன் வந்து ரொம்ப நேரம் பேசுவார், எழுந்து வந்துவிடாதீர்கள். வள்ளி வர நள்ளிரவு தாண்டிவிடும். உட்காரப் பாயும், போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் எடுத்துப் போங்கள்.