அந்த இரண்டு அழைப்புகள்

கேள்வி: 2022 ஜூலையில் நானும் கணவரும் அமர்நாத் போனபோது குகை அருகே மேகவெடிப்பு ஏற்பட்டு யாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பஹல்காமில் தங்க இடமில்லாமல் தவித்தோம். எங்கள் டாக்சி டிரைவர் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மூன்று இரவு தங்கவைத்தார். முஸ்லிம் குடும்பம். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அங்கே துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள் அவர் இரண்டு முறை ஃபோன் செய்தார். இப்போது வேண்டாம் என்று கணவர் சொன்னதால் எடுக்கவில்லை. இந்த முறை மாமியாரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே தங்க ஆசை. மாமியார் விரதம் இருப்பவர். அசைவம் சமைக்கும் அடுப்படியில் சாப்பிட்டால் விரதம் கெடுமா? பணம் எவ்வளவு கொடுக்கலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: விரதத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு குக்கரும் கரண்டியும் எடுத்துப்போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், யாத்ரிகர்களைப் பார்த்துப் பழகிய ஊர் அது. அந்தக் குகையைக் கண்டெடுத்தவர் பூட்டா மாலிக் என்ற முஸ்லிம் இடையர் என்றுதான் அங்கே சொல்வார்கள். கோயிலுக்கு வாரியம் வரும்வரை காணிக்கையில் அவர் வம்சத்துக்குப் பங்கும் இருந்தது. நாளைக்கு உங்கள் மாமியார் டோலியில் ஏறினால், தூக்குகிறவர்கள் அநேகமாக முஸ்லிம்களாகத்தான் இருப்பார்கள். தோள் ஆகும், அடுப்பு ஆகாதா? அது போகட்டும், 2022-ல் மூன்று நாள் எந்த அடுப்பில் சாப்பிட்டீர்கள்?

இப்போது அந்த ஃபோனுக்கு வருவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன இடம் அதுதான், எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

அன்று இறந்த 26 பேரில், சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போன உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் உண்டு. மறுநாள் காஷ்மீரே கடையடைத்தது. அந்த நாளில் ஒரு மனிதர், என்றோ தன் வீட்டில் தங்கிப்போனவர்களின் நம்பரைத் தேடி எடுத்து அழைத்திருக்கிறார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. வெட்கப்பட்டாரோ, வருத்தம் சொல்ல நினைத்தாரோ, எங்களை அப்படி நினைத்துவிடாதீர்கள் என்று சொல்ல வந்தாரோ! நீங்கள் கைபேசி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். 'இப்போது வேண்டாம்' என்றால் எப்போது வேண்டும்? அறை தேவைப்படும்போதா?

நம் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், யார் வந்தார், யார் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வருடக்கணக்கில் மறக்காமல் வைத்திருக்கிறோம். உப்பைத் தின்ற வீடு சொந்த வீடுதான். அந்த வீட்டில் துக்கம் என்றால் கேட்க வேண்டியது உங்கள் கடமை. நீங்கள் கேட்கவில்லை, அவர் கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. அந்த வருடம் சீசன் படுத்துப்போய் டாக்சி ஓட்டுகிறவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்றாவது நினைத்தீர்களா?

பணத்தைப் பற்றி இப்போது பேச எதுவும் இல்லை. முதலில் ஃபோன். உங்கள் கணவர்தான் பேச வேண்டும், வேண்டாம் என்றவர் அவர். "அன்றைக்கு எடுக்காதது தப்பு" என்று சொல்லட்டும், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கட்டும், அதோடு வைக்கட்டும். அறைப் பேச்சை அன்று எடுக்கவே கூடாது. அவர்களாகக் கூப்பிட்டால் போங்கள், அப்போது குழந்தைகள் கையில் துணிமணிக்கென்று கொடுங்கள், மறுக்க மாட்டார்கள். அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது.

மாமியாருக்கு 70 வயது தாண்டியிருந்தால் யாத்திரைக்குப் பதிவே கிடையாது, தாண்டாவிட்டாலும் மருத்துவச் சான்று கட்டாயம். அதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

அவர் ஃபோனை எடுக்கவில்லை என்றால்? பஹல்காமில் யாத்ரிகர்களுக்கான நுன்வான் முகாமில் கூடாரம் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே தங்குங்கள்.