முரசில் இரத்தம் வந்தால் பிரஷை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. பதினொரு வருடமாக நீரிழிவு, பிரஷரும் கொஞ்சம் உண்டு. இரண்டு மாதமாகப் பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறது. வாய் மணக்கிறது என்று மகளே சொல்லிவிட்டாள். பயத்தில் பிரஷை விட்டுவிட்டு விரலால் தீட்டுகிறேன். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய மவுத்வாஷால் மூன்று நேரமும் கொப்பளிக்கிறேன். வாய்க்கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகும் என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னார். வாயிலுள்ள கிருமிகளை முழுதாகக் கொல்ல என்ன குளிசை எடுக்கலாம்?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: முதலில் பிரஷைத் திரும்பவும் கையில் எடுங்கள், அம்மா. இரத்தம் வருகிறதே என்று நீங்கள் தொடாமல் விட்ட இடத்தில்தான் அழுக்கு சேர்ந்து முரசு வீங்குகிறது. வீங்கிய முரசு தொட்டவுடன் கசியும்.

கிருமிகளை முழுதாகக் கொல்லும் குளிசை கிடையாது. இருந்தாலும் தர மாட்டேன். மனித வாய்களில் 700க்கும் மேற்பட்ட பற்றீரியா இனங்களைக் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அவற்றில் ஒரு பகுதி குடியிருக்கும். பெரும்பாலானவை நமக்குத் தொந்தரவில்லாதவை, சில உதவியும் செய்கின்றன. கெட்டவை பெருகி நல்லவை ஒதுங்கும்போதுதான் பிரச்சினை.

கிணற்றடித் தொட்டியில் பாசி பிடித்தால் என்ன செய்வீர்கள்? குளோரின் கரைத்து ஊற்றினால் மேலே செத்தது போலிருக்கும், சுவரில் ஒட்டியது அப்படியே இருக்கும். தும்பு போட்டுத் தேய்த்தால்தான் போகும். பல்லில் படியும் வழுவழுப்பும் அந்தப் பாசி போலத்தான். பற்றீரியாக்கள் தாமே ஒரு பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாக ஒளிந்திருக்கின்றன. மவுத்வாஷும் பார்மசியில் கேட்டு வாங்கும் அன்டிபயோட்டிக்கும் அதற்குள் சரியாக இறங்குவதில்லை. விட்டு வைத்தால் அது கல்லாக இறுகிவிடும், பிறகு பிரஷாலும் எடுக்க முடியாது.

மவுத்வாஷ் பற்றி இன்னொன்று. கீரையில் நைத்திரேற்று இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு நம்மூர்க் கிணறுகள் நினைவுக்கு வரும். உரத்திலிருந்து கிணற்றுக்கு இறங்கி, கைக்குழந்தைகளுக்குக் கெடுதி செய்யும் அதே பொருள்தான். ஆனால் வளர்ந்த ஒருவர் கீரை சாப்பிடும்போது கதை வேறு. உமிழ்நீர்ச் சுரப்பிகள் நைத்திரேற்றைச் சேர்த்து வாய்க்குள் விட, நாக்கின் பின்பக்கத்தில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பின் உடலில் உண்டாகும் நைத்திரிக் ஒக்சைட் இரத்தக்குழாய்களைத் தளர்த்தும். நல்ல தேகமுள்ளவர்களை ஒரு வாரம் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷால் கொப்பளிக்க வைத்துப் பார்த்தபோது, அவர்களுடைய மேல் பிரஷர் 2 முதல் 3 வரை கூடியது. சிறிய கூடுதல்தான். ஆனாலும் பிரஷர் உள்ள நீங்கள் வைத்தியர் சொல்லாமல் மூன்று நேரமும் ஏன் கொப்பளிக்க வேண்டும்? போத்தலில் குளோரெக்சிடின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல்லில் கறை பிடிக்க வைப்பதும் அதுதான்.

நீரிழிவுக்கு வருவோம், உங்கள் விஷயத்தில் முக்கியமானது இதுதான். 1970 இல் தொடங்கிப் பதினைந்து வருடம், நோர்வேக்காரரான ஹரால்ட் லோவும் குழுவினரும் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்து வந்தார்கள். பல் பராமரிப்போ சிகிச்சையோ கிடைக்காத மக்கள். (உலகம் முழுதும் பாடமாகிவிட்ட ஆய்வு; அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும்.) எல்லார் பல்லிலும் அழுக்கு இருந்தது. ஆனால் 8 சதவீதமானவர்களுக்கு நோய் வேகமாக முற்றிப் பற்கள் கழன்றன, 81 சதவீதமானவர்களுக்கு மெதுவாகப் போனது, 11 சதவீதமானவர்களுக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஆக, கிருமி மட்டும் போதாது, உடல் அதை எப்படி எதிர்கொள்கிறது என்பதும் உண்டு. அந்தத் தராசை மோசமான பக்கம் சாய்ப்பவற்றில் புகைத்தலும் கட்டுப்படாத சீனியும் முன்னால் நிற்கின்றன.

திரும்பிய பக்கமும் உண்மை. முரசு அழற்சி இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. முரசுக்குச் சிகிச்சை செய்த நீரிழிவு நோயாளிகளில் மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்கியிருக்கிறது. நானும் பல வருடம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்காமலே குளிசையைக் கூட்டியவன்தான்.

யூடியூப்காரர் சொன்னது பாதி சரி. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், இதய உட்சுவரில் முன்பே கிருமி தொற்றியவர்களுக்கும் வாய்ப் பற்றீரியா உண்மையிலேயே ஆபத்து. பல் பிடுங்குமுன் அவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மாரடைப்பும் முரசு நோயும் ஒரே ஆட்களில் அதிகம் காணப்படுகின்றன என்பது சரி. ஆனால் முரசைச் சுகப்படுத்தினால் மாரடைப்பு வராது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. மென்மையான பிரஷும் புளோரைட் பேஸ்ட்டும் வாங்குங்கள். பல்லும் முரசும் சேரும் கோட்டில் பிரஷைச் சாய்த்து வைத்து, காலையிலும் படுக்கப் போகுமுன்னும் இரண்டு நிமிடம் தீட்டுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால் இரவுத் தீட்டல்தான் பெரிது. முதலில் சில நாள் இரத்தம் வரும், பயப்பட வேண்டாம். தேத்தண்ணியோடு பனங்கட்டி கடிக்கும் பழக்கம் இருந்தால் குறையுங்கள். பனங்கட்டி பல்லுக்கும் இரத்தத்துக்கும் சீனிதான். வெற்றிலை போடுகிறவராக இருந்து, வாய் முழுதாகத் திறக்காமலோ மூன்று வாரம் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

அடுத்து, அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் கல்லை எடுப்பியுங்கள். "கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்று ஊரில் சொல்வார்கள். பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே தேய்ந்திருக்கும்; இவ்வளவு காலமும் கல் அதை மறைத்திருக்கும், அவ்வளவுதான்.

போகும் நாளில் காலைச் சாப்பாட்டையும் நீரிழிவுக் குளிசையையும் விடாதீர்கள். அஸ்பிரின் எடுப்பவரென்றால் நீங்களாக நிறுத்தாமல் அங்கே சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1சி செய்து, பழைய அறிக்கையையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.