இருபது வருஷம் கப்சாய், இன்று முதல் நாள் குரூசர்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 51. தொழிற்சாலை வேலை. இருபது வருஷம் ஈஎக்ஸ்5 என்ற கப்சாய் (கிளட்ச் பிடி இல்லாத சின்ன மோட்டார் சைக்கிள்) ஓட்டினேன். கார் வாங்கியபின் மோட்டாரைத் தொட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இப்போது ஒரு குரூசர் (இருக்கை தாழ்ந்த பெரிய மோட்டார்) வாங்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவ், எப்போதாவது ஈப்போ, அவ்வளவுதான். மெத்தியோர் 350, ரெபல் 500, வல்கன் எஸ் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எது சரி? இத்தனை வருஷம் ஓட்டியவனுக்குப் பயிற்சியும் வேண்டுமா?
– வாசகர், பிறை

பதில்: வேண்டும் தம்பி. புதிதாக வருபவரைவிட உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் லைசன். உங்களிடம் இருப்பது பி2, அது 250 சிசி வரைதான். நீங்கள் சொன்ன மூன்றுமே அதைத் தாண்டியவை. 500 சிசி வரை பி1 போதும், அதற்கு மேல் பி வேண்டும். பெரும்பாலானவர்கள் நேராக பி ஃபுல் எடுத்துவிடுகிறார்கள். நீங்களும் அதையே எடுங்கள். லைசன் கைக்கு வருமுன் முன்பணம் கட்டாதீர்கள்.

இனி உங்கள் இடது கால். ஈஎக்ஸ்5-இல் கியர் ஏற்ற முன்பக்கம் மிதிப்பீர்கள், இறக்கக் குதிகாலால் மிதிப்பீர்கள். பெரிய மோட்டாரில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேல்நோக்கித் தூக்க வேண்டும். மெத்தியோரில் குதிகாலுக்கும் ஒரு மிதி உண்டு. பார்த்தால் கப்சாய் மாதிரியே இருக்கும், ஆனால் வேலை நேர்மாறு: முன்னால் மிதித்தால் இறங்கும், பின்னால் மிதித்தால் ஏறும். இருபது வருஷப் பழக்கம் மூளையில் இல்லை, பாதத்தில் இருக்கிறது. வேகம் கூடக் கூட அந்தப் பாதம் உங்களைக் கேட்காமலே முன்பக்கத்தை மிதித்துவிடும்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு பயிற்சித் திடலில் 22 வருஷம் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் உங்களைப்போல நரை விழுந்த ஒருவர் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது கியர் போடுவதாக நினைத்து மிதித்தார், முதல் கியருக்கு இறங்கிவிட்டது. கிளட்ச்சை விட்டதும் பின்சக்கரம் கிறீச்சென்று இழுபட்டு, தாரில் கைநீளத்துக்குக் கறுப்புக் கோடு. நல்லவேளை, நேராகப் போனதால் விழவில்லை. அதே மிதி மழையில், வளைவில் விழுந்திருந்தால்? இன்றைக்கும் அந்தக் கோடு என் கண்ணில் நிற்கிறது.

அடுத்தது இடது கை. ஈஎக்ஸ்5-இல் கிளட்ச் பிடியே கிடையாது, ஆகவே அந்தக் கைக்கு இருபது வருஷமாக வேலையே இல்லை. காலியான கார் நிறுத்துமிடத்துக்கு ஞாயிறு காலையில் போங்கள். எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில், கிளட்ச்சை மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணியும், முன்பக்கம் லேசாக நகரப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள். அந்த இடம் கைக்குப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. ஆக்சிலேட்டரை முறுக்காமல், கிளட்ச்சாலும் வலது காலின் பின்பிரேக்காலும் மட்டும் நடை வேகத்தில் ஓட்டிப் பழகுங்கள். அப்புறம் ஐந்து தண்ணீர் போத்தலை வரிசையாக வைத்து இடையில் வளைந்து வாருங்கள். போத்தலைப் பார்த்தால் போத்தலில்தான் போய் இடிப்பீர்கள். பார்வை அடுத்த இடைவெளியில் இருக்கட்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கை மட்டும் தொடவே கூடாது. மெதுவாகத் திரும்பும்போது மோட்டார் சாய்வது பெரும்பாலும் அந்த ஒரு பிடியால்தான்.

எடை விஷயத்தையும் மனதில் வையுங்கள். உங்கள் கப்சாய் ஏறக்குறைய நூறு கிலோ. மெத்தியோரும் ரெபலும் 190-ஐ ஒட்டி, வல்கன் 225-க்கும் மேல். ஓடும்போது அந்த எடை தெரியாது. நிற்கும்போதும் தள்ளும்போதும்தான் தெரியும்.

எது வாங்கலாம்? என் வோட்டு ரெபலுக்கு. 471 சிசி இரட்டை சிலிண்டர், ஈப்போ நெடுஞ்சாலையில் 110-இல் மூச்சுவாங்காது. கியர் மிதி முன்பக்கம் மட்டும்தான், பழைய குதிகால் பழக்கத்துக்கு இடம் கொடுக்காது. டாங்க் சிறியது, 11 லிட்டர் சொச்சம். மெத்தியோர் அமைதியான நல்ல மோட்டார், பாலிக் புலாவ் மலைப்பாதைக்குப் பொருத்தம், நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் அதனிடம் எதுவும் மிச்சமில்லை. வல்கனில் கால் முன்னால் நீண்டிருக்கும். பள்ளம் வந்தால் எழுந்து நிற்க முடியாது, அடி முழுக்க முதுகெலும்பில் இறங்கும். 51 வயதில் அதைத் தேடிப் போக வேண்டாம். சாலை வரியும் அப்படித்தான்: முதல் இரண்டுக்கும் வருஷத்துக்கு 100 வெள்ளி (ரிங்கிட்), வல்கனுக்கு 250.

கேள்வி: நான் தாதி, உயரம் ஐந்தடி. கடைசித் தவணை கட்டிவிட்டுக் குரூசர் வாங்கப் போகிறேன் என்றதும், விழுந்தால் தூக்கக்கூட முடியாதே என்கிறார்கள் வீட்டில். அவர்கள் சொல்வது சரியா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: சரியில்லை அம்மா. நானும் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். ரெபலின் இருக்கை தரையிலிருந்து 690 மில்லிமீட்டர், மெத்தியோரில் 765. கடையில் நீங்கள் வழக்கமாகப் போடும் காலணியோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தால் போதும்.

என் மோட்டார் ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் சாய்ந்தது. காலை ஊன்றிய இடத்தில் டீசல் சிந்தியிருந்தது, பாதம் வழுக்கிவிட்டது. யாரும் வருமுன் நானே தூக்கி நிறுத்தினேன். வழி இதுதான்: எஞ்சினை அணையுங்கள். கியரில் இருக்கட்டும், உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே பக்கத் தாங்கியை எடுத்துவிடுங்கள். அப்புறம் மோட்டாருக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பு ஒட்ட உட்காருங்கள். ஒரு கை ஹேண்டிலில், மறு கை பின்னால் சட்டத்தில். தொடையால் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குவீர்களே, அதே வித்தைதான். வாங்குமுன் கடைக்காரரிடம் சொல்லி ஒரு பழைய மெத்தையின்மேல் ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டாரையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: பினாங்குப் பாலத்தில் காற்று அடித்தால் மோட்டார் ஆடுகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஆடத்தான் செய்யும். பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 24, சுற்றிலும் கடல். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் காற்று தோள் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். முழங்காலால் டாங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளரவிடுங்கள். வேகத்தைக் குறையுங்கள். பெரிய லோரி உங்களைக் கடக்கும்போது ஒரு கணம் காற்று நின்று, சட்டென்று திரும்ப அடிக்கும். அதை எதிர்பார்த்தே இருங்கள். இரண்டாவது பாலத்தில் மோட்டாருக்குத் தனித்தடம் இருக்கிறது. 2019 முதல் இரண்டிலுமே மோட்டாருக்கு டோல் இல்லை, ஆகவே காசை நினைத்துப் பாலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கறுத்த மழை மேகம் தெரிந்தால் கரையிலேயே நின்று ஒரு தே தாரேக் குடித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பழைய குரூசர் ஒன்று விலைக்கு வருகிறது. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையாம். டயர் புத்தம் புதிதுபோல் இருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: டயரின் பூவை (தரையில் படும் பக்கத்தின் வரிப்பள்ளங்களை) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். ஓடாமல் நின்ற டயர் கெட்டியாகிவிடும், மழையில் பிடிக்காது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் இரண்டு டயரின் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள். அப்படியே பேட்டரியின் காசையும்.