கம்ப்யூட்டர் படிக்காத குடும்பம் வீட்டில் லினக்ஸ் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2014 வாக்கில் வாங்கியது. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லை, 11 இதில் ஏறாது என்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இலவசம் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் யாரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. போடலாமா?

பதில்:

தாராளமாகப் போடலாம். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் சும்மா போக மனசு வரவில்லை. இதே காரணத்தைச் சொல்லித்தான் ஒரு கடைக்காரர் என்னைத் திருப்பி அனுப்பினார்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. வரைபடத்தில் கேரளம், டீக்கடையில் தமிழ். கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். சரக்கு பெரும்பாலும் காங்கேயம் எண்ணெய் ஆலைகளுக்குப் போகும். படித்தது பி.காம். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் பில் போடுவது, ஜி.எஸ்.டி. கட்டுவது, ராத்திரியில் பழைய பாட்டு கேட்பது, அவ்வளவுதான். வீட்டில் இருந்தது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜி.பி. ராம். உங்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11 ஏற வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி பெட்டியிலேயே வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அப்போ நம் பெட்டிக்கு இடமில்லை. பாலக்காட்டில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் லினக்ஸ் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். எங்களைப் பார்த்ததும் அங்கே தமிழுக்கு மாறிவிடுவார்கள். "அண்ணா, அதெல்லாம் காலேஜ் பசங்க நோண்டுறதுக்கு. உங்களுக்கு எதுக்கு? ஐநூறு ரூபா கொடுங்க, விண்டோஸ் 11-ஐ எப்படியாவது ஏத்தி ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்" என்றார். அந்த 'எப்படியாவது' என்னவென்று எல்லோருக்கும் தெரியும். டி.பி.எம். சோதனையைத் தாண்ட ஒரு வழி, ஆக்டிவேட் பண்ண எங்கிருந்தோ இறக்கிய ஒரு திருட்டு சாஃப்ட்வேர். அதே பெட்டியில்தான் நான் பேங்க் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது அவர் கேட்ட காசுக்காக இல்லை. அந்தக் கடை இருக்கும் தெருவிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் கம்ப்யூட்டர் அறையில் ஓடுவது லினக்ஸ்! கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் 2001-இல் தொடங்கியது. அடுத்த சில வருடங்களிலேயே பள்ளிகளை முழுக்க கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம் என்ற சாஃப்ட்வேருக்கு, கொண்டுவந்துவிட்டார்கள். 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை எடுத்து, பாடத்துக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துக் கட்டி, தங்கள் பெயரிலேயே வெளியிடுகிறார்கள். 2019-இல் 18.04 பதிப்பு வந்தபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்கள், லைசென்ஸ் செலவில் 3,000 கோடி மிச்சம் என்றெல்லாம் சொன்னார்கள். கோடிக் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் மகள் படிப்பது தமிழ் வழிப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. கணக்குக்கு ஜியோஜீப்ரா, படத்துக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப், புரோகிராம் எழுதக் கொஞ்சம் பைத்தான் எல்லாம் லினக்ஸிலேயே படிக்கிறாள். அடுத்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐ.டி. தேர்வும் அதில்தான். இங்கே பதினாலு வயசுப் பிள்ளைகள் இதைக் கஷ்டமென்று நினைப்பதே இல்லை. காலேஜ் பசங்களுக்காம்!

போட்டதும் அவள்தான். பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் குழுவில் இருக்கிறாள். பள்ளியில் இருப்பதையே போடலாம் என்று அடம் பிடித்தாள். அதை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாட சாஃப்ட்வேர் நிறைய இருப்பதால் கனம் அதிகம். தவிர, இப்போதைய பதிப்பு உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, அதன் வழக்கமான ஆதரவு 2027-இல் முடிகிறது. லினக்ஸ் மின்ட் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதன் 22-ஆம் பதிப்பு என்றால் 2029 வரை அப்டேட் வரும். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற கனம் குறைந்த பதிப்பு பழைய பெட்டிக்குத் தோதானது. கடைசியில் அதையே போட்டோம். கூடவே ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, ராமை 8 ஜி.பி. ஆக்கினேன். இப்போது வேகமாக இருக்கிறதென்றால் பாதிப் புண்ணியம் அதற்குத்தான். லினக்ஸ் போட்ட மாத்திரத்தில் பழைய பெட்டி பறக்கிறது என்பவர்களை ரொம்ப நம்பாதீர்கள்.

போடும் வேலையை விவரமாக எழுத ஒன்றுமில்லை. பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே தொடங்கினால் (பூட் செய்தால்) டிஸ்கைத் தொடாமலே முழு சிஸ்டமும் ஓடும். அப்படி ஓடும்போதே வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃபைல்களைத் தனியாக ஒரு டிஸ்கில் காப்பி எடுத்து, எடுத்தது திறக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் இன்ஸ்டால்.

கஷ்டம் வந்தது லினக்ஸில் இல்லை, அதைச் சுற்றி இருந்ததில். பெரிய கஷ்டம் என் அப்பாவின் ஃபைல்கள்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எழுபதைத் தாண்டியவர். சின்ன வயசில் பொள்ளாச்சியில் டைப்ரைட்டிங் கற்றவர். எங்கள் பக்கத்து நாற்று நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து எழுதி வாங்கி, வருடக்கணக்காக வேர்டில் அடித்து வைத்திருந்தார். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும் ஃபான்ட்டில். மின்ட்டில் திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி: 'தமிழ்' என்பதே பாமினியில் அடியில் அப்படித்தான் கிடக்கும். மேலே போர்த்தியிருக்கும் எழுத்துரு இல்லாவிட்டால் அதுதான் தெரியும். அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இலவசம்னு சொன்னியேப்பா" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் இதில் லினக்ஸின் தப்பு ஒன்றுமில்லை. அந்த எழுத்துரு இல்லாத எந்த விண்டோஸிலும் இதே கிறுக்கல்தான் வரும். பழைய டிஸ்கில் இருந்த பாமினி எழுத்துரு ஃபைலை எடுத்து, ஹோம் ஃபோல்டரில் .ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தோம். வேர்டுக்குப் பதிலாக மின்ட்டில் இருக்கும் லிப்ரே ஆபிஸை மூடித் திறந்ததும் பாட்டெல்லாம் தமிழில் வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்படியே இருந்தால் தேட முடியாது, யாருக்கும் அனுப்ப முடியாது, போனில் படிக்க முடியாது. எல்லாக் கருவிகளுக்கும் புரியும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று இறங்கினோம்.

இணையத்தில் மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஓப்பன்-தமிழ் என்று பைத்தானில் ஒரு கட்டற்ற நூலகமும் இருக்கிறது, அதில் பழைய குறியீடுகளை யுனிகோடாக்கும் வசதி உண்டு. எதை எடுத்தாலும் கண்ணால் ஒரு தடவை படித்தே ஆக வேண்டும். பாமினியில் ஔகாரத்தின் வலது பக்கக் குறியும் 'ள'வும் ஒரே சாவி. அதனால் 'கௌரி' எல்லாம் 'கெளரி' ஆகிவிடும். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், தேடினால் அகப்படாது. நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த வார்த்தைகளையும் அந்த மாற்றி விட்டுவைக்காமல் தமிழாக்கி, ஆளுக்குப் புரியாத சொல்லாக வைத்திருந்தது. அப்பாவும் பேத்தியும் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகச் சரிபார்த்தார்கள். நடவுப் பாட்டில் ஒரு வரி சந்தேகம் வந்தால் அப்பா பாடிக் காட்டுவார். அவள் பாட்டி அடுப்படியிலிருந்து, அது அப்படி இல்லை என்று திருத்துவாள். அந்த வேலை இன்னும் முடியவில்லை, எனக்கு அவசரமும் இல்லை.

இனி அவர் எதில் அடிப்பது என்று அடுத்த கேள்வி. அந்த வயசில் தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் விடுவாரா? பிற மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் தமிழுக்குப் பல விசைப்பலகைகள் வரும்: தமிழ்99, போனெடிக், பழைய டைப்ரைட்டர். பாமினியே டைப்ரைட்டர் முறையை ஒட்டி வந்ததுதான். டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். கொம்பு போடும் இடத்தில் முதலில் கொஞ்சம் தடுமாறினார், அப்புறம் பழகிவிட்டது. இப்போது யுனிகோடில் அடிக்கிறார். தான் லினக்ஸ் பயன்படுத்துவது அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. கம்ப்யூட்டர் படிக்காதவர் என்றால் எங்கள் வீட்டில் முதல் ஆள் அவர்தான்.

அவர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் ரிப்போர்ட் அடிக்க வேண்டாம். புதிதாக அடித்த முதல் தமிழ்க் கடிதத்தை, ஒரு மனுவாக, ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை தமிழில் லினக்ஸ் படிக்க அரசு ஏற்பாடு செய்கிறது, தாத்தாவின் தமிழ் மனுவை வாங்க கவுன்ட்டரில் ஆள் இல்லை. மலையாளத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, என் மனைவி மலையாளம் வழியில் படித்தவள்தான். சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறேன். சரி, விடுங்கள்.

பிரிண்டருக்கு வருகிறேன். பழைய லேசர் பிரிண்டர் ஒன்று வைத்திருந்தேன், நல்ல பெரிய கம்பெனியுடையது. அதற்கு லினக்ஸில் டிரைவர் ஒழுங்காக வரவே இல்லை. மகள் முயன்றாள், அவள் பள்ளி ஆசிரியரும் ஃபோனில் வழி சொன்னார். ஒரு பக்கம் அச்சாகும், அடுத்ததில் நின்றுவிடும். கடைசியில் விண்டோஸ் வைத்திருக்கும் மச்சானுக்கு அதைக் கொடுத்துவிட்டு, ஹெச்பி பிரிண்டர் ஒன்று வாங்கினேன். லினக்ஸுக்கென்றே ஹெச்பிலிப் என்று அவர்களே டிரைவர் தருகிறார்கள். சொருகியதும் வேலை செய்தது. இலவச சிஸ்டத்துக்குக் காசு கொடுத்து பிரிண்டர் வாங்கிய கதை இது, சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

கணக்கு எழுதும் டாலி விண்டோஸுக்கான சாஃப்ட்வேர். என் ஆடிட்டர் அதில்தான் கணக்கு வைக்கிறார். நான் லிப்ரே ஆபிஸின் கால்க்கில் போட்டு, எக்செல் வடிவத்தில் சேமித்து அனுப்பிவிடுகிறேன், அவர் பக்கம் ஏற்றிக்கொள்கிறார். தனி ஆள் நடத்தும் வியாபாரம் என்றால் ஜி.எஸ்.டி. தாக்கலை ஃபோனுக்கு வரும் ஓ.டி.பி. வைத்தே முடிக்கலாம், அதற்கு பிரவுசர் போதும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகித்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பவர்கள், டோக்கன் கொடுத்தவரிடம் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இனி கீழே கருத்து எழுத வரப்போகிறவர்களுக்கு. ஃபோட்டோஷாப் இதில் நேராக ஓடாது, தெரியும். வேலைக்கு அது வேண்டும் என்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். ஆன்லைன் கேம்களில் சிலது லினக்ஸ் என்றாலே உள்ளே விடாது, அதுவும் தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் விண்டோஸ் 10-ஐ 2026 அக்டோபர் வரை ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம், அப்புறம்? நான் யாருக்கும் விரோதி இல்லை. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் என்றால் எனக்கு ஒரு பிரச்சினையும் கிடையாது. திருட்டு காப்பி வைத்துக்கொண்டு, லினக்ஸ் நமக்கு ஒத்துவராது என்று அடுத்தவருக்குப் புத்தி சொல்பவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

உங்களுக்கு நான் சொல்வது: பென் டிரைவில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் பழைய தமிழ் ஃபைல்கள் இருந்தால், டிஸ்கைத் துடைக்கும் முன் எழுத்துரு ஃபைல்களையும் சேர்த்துக் காப்பி எடுங்கள், இதை மட்டும் மறக்காதீர்கள். பிரிண்டர் என்ன மாடல் என்று எழுதுங்கள், மகளிடம் கேட்டுச் சொல்கிறேன். அவளுக்கு இப்போது அரையாண்டுப் பரீட்சை, பதில் கொஞ்சம் தாமதமாகலாம்.