பழைய தண்டப்பணமும் கனடா விசாவும்: எந்தத் தாளை எடுப்பது?

கேள்வி: 2012இல் சுன்னாகத்தில் ஒரு அடிபிடி வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு ‘பைன்’ கட்டினேன். கனடா விசாவுக்கு நீதிமன்ற ஆவணம் கேட்கிறார்கள். பொலிஸ் பதிவிலிருந்து வழக்கையே எடுத்துத் தருவதாக ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா? — வாசகர், ஏழாலை

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர் கொண்டுவரப்போவது போலிச் சான்றிதழ். பிடிபட்டால் பொய்த் தகவல் தந்தவர் என்று கனடா 5 வருடத்துக்குக் கதவை மூடும். இந்தத் தரகர்கள் கச்சேரியடியிலும் நீதிமன்ற வாசலிலும் ‘உள்ளுக்கு ஆள் இருக்கு’ என்றபடி நிற்பார்கள். ஆள் இல்லை.

பொலிஸ் நற்சான்று வேறு, நீதிமன்ற ஆவணம் வேறு. என்ன குற்றம், என்ன தண்டனை என்பதற்கு வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியே சான்று. சுன்னாகம் பொலிஸ் வழக்கென்றால் யாழ்ப்பாணத்துக்கு அலையாமல் மல்லாகம் நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் போங்கள். வழக்கு இலக்கத்துக்குப் பழைய பற்றுச்சீட்டைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் மாதத்தையாவது சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘நாளைக்கு வாங்கோ’தான்.

‘வழக்குப் பிரதி’ என்று மொட்டையாகக் கேட்டால் பீ அறிக்கையைத் தந்துவிடுவார்கள். அது பொலிஸார் நீதிமன்றத்துக்குச் சொன்னது, தீர்ப்பல்ல. குற்றப்பத்திரம், நீங்கள் ஒப்புக்கொண்டதும் கட்டளையும் பதிந்த வழக்கேட்டுப் பக்கம், பணம் கட்டிய பதிவு, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கையொப்பமும் முத்திரையும் ஒவ்வொரு தாளிலும் உள்ளனவா என்று அங்கேயே பாருங்கள். ஆங்கிலத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் போதும்.

ஒரு விடயத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பலர் ‘பைன்’ என்று சொல்வது உண்மையில் அரச செலவாக, அதாவது தண்டனையாக அல்லாமல் வழக்குச் செலவுக்கென்று கட்டிய பணமாக இருக்கும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவில், குற்றம் நிரூபணமானாலும் குற்றவாளியாகத் தீர்க்காமலே நீதவான் எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்கலாம். கட்டளையில் ‘306’ இருந்தால் உங்கள்மேல் குற்றத்தீர்ப்பு இல்லை. தண்டப்பணம் என்றிருந்தால் உண்டு. ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் குற்றத்தீர்ப்புத்தான், ‘உள்ளே போகவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். 306 என்றாலும், விசாப் படிவம் ‘எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டீர்களா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றே எழுதி, கட்டளையின் பிரதியை இணையுங்கள்.

ஏடு கிடைக்கவில்லை என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள். அதையே கடிதமாகப் பதிவாளரிடம் கேட்டு வாங்குங்கள்.