வாசகர் கேள்வி – பதில்: காலைச் சுடும் எக்ஸாஸ்ட்

கேள்வி: என்னுடையது 2012 மாடல் ஹார்லி-டேவிட்சன் டூரிங் வண்டி, ஏர் கூலிங் வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்). நெரிசலில் நின்றால் வலது தொடையும் கணுக்காலும் வெந்துபோகின்றன. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் ‘கேட்’) இல்லாத பெண்ட் பைப் (என்ஜினிலிருந்து சைலன்சர் வரை வரும் வளைந்த குழாய்) போட்டால் என்ஜின் சூடு பாதியாகக் குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: பாதியாகாது. முதலில் இரண்டு சூட்டைத் தனித்தனியாகப் பாருங்கள். ஹெட்டிலும் (சிலிண்டரின் தலைப்பகுதி) சிலிண்டரிலும் ஆயிலிலும் ஏறும் சூடு ஒன்று. எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து உங்கள் காலில் அடிக்கும் அனல் இன்னொன்று. பைப்பை மாற்றினால் இரண்டாவது, முக்கியமாகக் கணுக்கால் பக்கம், நன்றாகக் குறையும், முதலாவது கொஞ்சம்தான் அசையும்.

2010-க்குப் பிந்தைய இந்த வரிசை வண்டிகளில், இரண்டு சிலிண்டரின் பைப்புகளும் சேருமிடத்தில், வலது பக்கக் கீழ்ப்பகுதியில் கேட் உட்கார்ந்திருக்கிறது. எரியாமல் வந்த ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் அதற்குள் எரிகின்றன. அதனால் வேலை செய்யும்போது அதன் உள்வெப்பம் 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வண்டி நின்ற பிறகும் அந்தக் கனமான உலோகம் உடனே ஆறாது. கணுக்காலில் அடிப்பது பெரும்பாலும் இந்த அனல்தான். தொடையில் அடிப்பது வேறு. பின் சிலிண்டரும் அதிலிருந்து வளைந்து வரும் பைப்பும் தொடைக்கு அடியிலேயே இருக்கின்றன, முன் சிலிண்டருக்குப் பின்னால் மறைந்திருப்பதால் காற்றும் அங்கே குறைவாகவே போகிறது. கேட்டைக் கழற்றினாலும் தொடைச் சூடு ஏறத்தாழ அப்படியே இருக்கும். பணம் செலவழித்த பிறகு பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சட்டத்தையும் பாருங்கள். பொதுச்சாலையில் ஓடும் வண்டியிலிருந்து கேட்டை அகற்றுவது பல நாடுகளில் குற்றம். புகைப் பரிசோதனையில் தேறாமல் போகலாம், வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். நடுவழி ஒன்று உண்டு: சதுர அங்குலத்துக்கு 200 அல்லது 300 துளை கொண்ட உலோக அடித்தள கேட் வைத்த பெண்ட் பைப். துளை பெரிதென்பதால் புகை தடையில்லாமல் போகும், எடையும் குறைவு, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதும் குறைவு. அதையும் உங்கள் ஊர்ச் சட்டம் ஏற்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஹெட் சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டியது பெட்ரோல்–காற்று விகிதத்தில். சுத்தமான பெட்ரோலுக்கு முழு எரிதல் விகிதம், எடையில், 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியின் இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), கேட் ஒழுங்காக வேலை செய்யட்டும் என்று, நிதானமாக ஓடும்போது இந்த எண்ணைச் சுற்றியே கலவையை வைத்திருக்கும். காற்றால் மட்டும் குளிரும் பெரிய என்ஜினுக்கு அது சூடான இடம். 13.5-க்கு அருகே கொண்டுவந்தால் ஹெட் குளிரும், ஐடிலிங்கும் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடுவது) சீராகும், ஆனால் மைலேஜ் குறையும், புகை கூடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த எண்கள் இடம் மாறும். 10 சதவீத எத்தனாலுக்கு முழு எரிதல் விகிதமே சுமார் 14.1. ஆகவே டியூன் செய்பவரிடம் விகிதத்தைச் சொல்லாமல் லாம்டா மதிப்பில் (இருக்கும் விகிதத்தை முழு எரிதல் விகிதத்தால் வகுத்த எண்) பேசுங்கள். 0.92 லாம்டா என்றால் எந்தப் பெட்ரோலுக்கும் ஒரே பொருள்தான்.

வண்டியோடு வரும் குறுகிய வீச்சு ஆக்சிஜன் சென்சாருக்கு லாம்டா 1-ஐ ஒட்டிய மிகச் சிறிய வட்டத்துக்குள் மட்டும்தான் கண் தெரியும். அங்கே அதன் வோல்டேஜ் 0.45. அதற்கு அப்பால் கலவையைக் கொண்டுபோக, சென்சார் கட்டுப்பாட்டை வேண்டிய வேகப் பகுதிகளில் விலக்கிவிட்டு, அகல வீச்சு சென்சார் வைத்து அளந்து மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற இசியூ அட்டவணை) எழுத வேண்டும். கேட்டை வைத்துக்கொண்டே எப்போதும் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓட்டவும் கூடாது. பைப் இணைப்பில் எங்காவது காற்றுக் கசிந்தால், உள்ளே வந்த ஆக்சிஜனும் மீதிப் பெட்ரோலும் கேட்டுக்குள் சேர்ந்து எரிந்து அதை உருக்கிவிடும்.

கேள்வி: பைப்பில் ஹீட் ராப் (சூடு தாங்கும் இழைப்பட்டி) சுற்ற நினைக்கிறேன். எத்தனை மீட்டர் வாங்குவது, எப்படிச் சுற்றுவது?

பதில்: கணக்கு எளிது. உங்கள் பைப்பின் வெளிவிட்டம் 45 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 141 மி.மீ. 50 மி.மீ. அகல ராப்பை 6 மி.மீ. மேலேற்றிச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு 44 மி.மீ. முன்னேறும். 60 செ.மீ. பைப்புக்குச் சுமார் 14 சுற்று. சாய்ந்து போவதால் ஒரு சுற்றுக்கு 148 மி.மீ. ராப் பிடிக்கும், ஆக 2 மீட்டருக்குச் சற்று மேல். இரு முனையிலும் ஒரு முழுச் சுற்று கூடுதலாக வேண்டும், வளைவில் வெளிப்பக்கம் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். எனவே 3 மீட்டர் வாங்குங்கள். 25 மி.மீ. அகலமென்றால் இதே பைப்புக்கு 5 மீட்டர். வளைவு அதிகமுள்ள மோட்டார்சைக்கிள் பைப்பில் 25 மி.மீ. ராப்தான் சுருக்கமில்லாமல் படியும். நீளம் அதிகம் பிடித்தாலும் அதையே வாங்குங்கள் என்பது எங்கள் பரிந்துரை.

பைப்பைக் கழற்றி, துரு, ஆயில், பாலிஷ் எல்லாவற்றையும் அசிட்டோனால் துடையுங்கள். கண்ணாடி இழை ராப்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் தூசி பறக்காது, இழுத்துக் கட்டவும் வரும். பசால்ட் இழையானால் தயாரிப்பாளர் சொன்னபடி. எதுவானாலும் கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். அந்த இழை தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும்.

சைலன்சர் முனையில் தொடங்கி என்ஜினை நோக்கி வாருங்கள். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் கூரை ஓடு போல பின்பக்கம் பார்த்துக் கிடக்கும், எதிர்க்காற்றும் மழைநீரும் விளிம்புக்கு அடியில் புகாது. தொடங்கும்போது ஒரு சுற்றை நேராகச் சுற்றி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிப்பட்டியால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. சுற்றும்போது இழுவை தளரவே கூடாது. தளர்ந்த இடத்தில் ராப் சில வாரத்தில் நகர்ந்துவிடும். நீண்ட பைப்பானால் நடுவிலும் ஒரு பட்டி போடுங்கள். ஆக்சிஜன் சென்சார் திருகு, கேஸ்கெட் இருக்கை, கிளாம்ப் ஆகியவற்றின் மேல் ராப் ஏறக்கூடாது. ஃபிளாஞ்சுக்கு (ஹெட்டோடு பொருந்தும் விளிம்பு) 10 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் கூரைக்குக் கீழே ஓடவிடாதீர்கள்.

பின்விளைவையும் தெரிந்துகொள்ளுங்கள். சூடு உள்ளே அடைபடுவதால் பைப்பின் உலோகம் முன்பைவிடச் சூடாகும். ராப் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மைல்ட் ஸ்டீல் பைப் இப்படி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, வெளியே எதுவும் தெரியாமல், வெல்டிங் ஓரத்தில் ஓட்டையாகும். குரோம் பூசிய இரட்டைச் சுவர் பைப்பில் ராப்பே போட வேண்டாம். அதில் காற்று இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது, லாபம் சிறிது, கெடுவது குரோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பானால் பாதகம் குறைவு. இன்னொன்று: ராக்கர் பாக்ஸ் (ஹெட்டின் மேல்மூடி) கேஸ்கெட் கசிந்து ஆயில் சொட்டும் வண்டியில், கசிவை நிறுத்தாமல் ராப் சுற்றாதீர்கள். ஆயில் ஊறிய ராப் தீப்பிடிக்கும்.

கேள்வி: ராப் வேண்டாம், செராமிக் கோட்டிங் செய்துவிடலாமா?

பதில்: செலவு கூடும், ஆனால் நீண்ட நாள் ஓட்டுபவருக்கு அதுதான் சிறந்தது. ஈரம் தங்காது, கழுவவும் செய்யலாம். பைப்பைக் கழற்றி மணல் வீச்சால் சுத்தம் செய்து, உள்ளும் புறமும் பூச வேண்டும். வெளியே மட்டும் பூசினால் பலன் குறைவு. ஆக்சிஜன் சென்சார் துளைத் திருகு, ஃபிளாஞ்ச் முகம் ஆகியவற்றை மறைத்துப் பூசச் சொல்லுங்கள். மறந்தால் கசியும். கேட் உள்ள பைப்பில் உட்பூச்சு சாத்தியமில்லை. துருவேறிய பழைய பைப்பில் பூச்சு சில மாதத்தில் உதிரும்.

கேள்வி: ஸ்லிப்-ஆன் சைலன்சர் (பெண்ட் பைப்பில் அப்படியே செருகும் வகை) மாற்றிய பிறகு ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்டாசு வெடிக்கிறது. பைப் நீலமாகிவிட்டது, இரவில் சிவப்பாகத் தெரிகிறது. சூடும் முன்பைவிட அதிகம்.

பதில்: நீலம் மட்டுமென்றால் விட்டுவிடலாம். ஒற்றைச் சுவர் ஸ்டீல் பைப் சுமார் 300 டிகிரியிலேயே நீலமாகும். சிவப்பாக ஒளிர்வது வேறு கதை. இருட்டில் ஸ்டீல் சிவக்கத் தொடங்குவது 500 டிகிரிக்கு மேல். சில நிமிடம் ஐடிலிங்கிலேயே பெண்ட் பைப் சிவந்தால் கலவை லீன் (பெட்ரோல் குறைவு), அல்லது இக்னிஷன் பிந்தித் தட்டுகிறது, அல்லது எரியாத பெட்ரோல் பைப்புக்குள் போய் எரிகிறது.

ரீமேப்பைப் பற்றி யோசிக்குமுன் கசிவைப் பிடியுங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, வாக்குவம் கிளீனரின் ஊதும் முனையைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஊதுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கசியும் இடம். புகை துடிப்புத் துடிப்பாகப் போவதால், இரண்டு துடிப்புக்கு இடையில் இந்த ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சும். அந்த ஆக்சிஜன் பைப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் கொளுத்துகிறது, அதுதான் வெடி. கசிவு சென்சாருக்கு முன்னால் இருந்தால் இன்னும் மோசம். சென்சார் ‘லீன்’ என்று பொய் சொல்லும், இசியூ தேவையில்லாத பெட்ரோலை ஊற்றும், பிளக் கறுக்கும்.

எக்ஸாஸ்ட் கசியாமல் இருந்தால் அடுத்து இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கம். வி-ட்வினில் மேனிஃபோல்டு ரப்பர் சீல் வெடித்தால் ஒரு சிலிண்டர் மட்டும் லீனாகிச் சூடேறும், ஐடிலிங் ஏறி இறங்கும். ஒரு பைப் சிவந்து மற்றது சாதாரணமாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சரியென்றால்தான் மேப்புக்குப் போங்கள்.

கேள்வி: பெண்ட் பைப்பைக் கழற்றும்போது ஸ்டட் (ஹெட்டில் பதிந்த திருகாணி) முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயம்தான். முறிந்த ஸ்டட்டை அலுமினிய ஹெட்டிலிருந்து எடுப்பதற்குப் பைப் மாற்றுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். முந்தைய நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் என்ஜினை லேசாக, கை வைக்கக்கூடிய அளவுக்குச் சூடாக்கிக் கழற்றுங்கள். நட் இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள். கால் சுற்று திருப்பி, திரும்ப இறுக்கி, மறுபடி திருப்பி, சிறிது சிறிதாக வெளியே கொண்டுவாருங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்தி மறுபடி எண்ணெய்.

கேஸ்கெட் எப்போதும் புதிது. ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது. பொருத்தும்போது எல்லா நட்டையும் விரலால் போட்டு, சைலன்சர் தாங்கிகளையும் தளர்வாக மாட்டி, பைப் தானாக இருக்கையில் உட்கார்ந்த பிறகு ஹெட்டில் தொடங்கிப் பின்னோக்கி இறுக்குங்கள். பின்னால் முதலில் இறுக்கினால் பைப் வளைந்து நின்று ஃபிளாஞ்ச் ஒரு பக்கம் தூக்கும். மாதக்கணக்கில் கசிவு தேடுபவர்களில் பலர் செய்தது இதுதான். இறுக்கும் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பானர்) இரண்டு மூன்று கட்டமாக எட்டுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு, ஆறிய நிலையில் மறுபடி சரிபாருங்கள்.

சென்சார் திருகில் ஆன்டி-சீஸ் (திருகு ஒட்டிப்போகாமல் காக்கும் பசை) மெல்லியதாகத் தடவலாம், முனையில் படக்கூடாது. புதுப் பைப்பின் சென்சார் துளை அளவையும் வாங்குமுன் பாருங்கள். 18 மி.மீ. சென்சார், 12 மி.மீ. சென்சார் இரண்டும் புழக்கத்தில் உண்டு. சென்சார் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்ந்து, முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பைப்பில் படியும் தண்ணீர் உள்ளே தங்கி, சூடேறும் செராமிக்கை விரிசல் விடச் செய்யும்.

கேள்வி: எக்ஸாஸ்ட்டைத் தொடாமலேயே காலைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு, பலருக்கு இதுவே போதும். 1 மி.மீ. தடிமன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டைப் பைப்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, ஹோஸ் கிளாம்ப்பால் மாட்டுங்கள். தகடு பைப்பைத் தொட்டால் அதுவும் அதே சூட்டுக்கு வந்துவிடும், இடைவெளிதான் வேலை செய்கிறது. தகட்டின் மேலும் கீழும் திறந்திருக்கட்டும், காற்று ஓடட்டும்.

பலன் கிடைத்ததா என்று அளக்க விரும்பினால், அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் குரோமின் மேல் நீட்டாதீர்கள். அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். கறுப்பு மேட் வெப்பப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்து அங்கே அளங்கள். அல்லது கே-வகை தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) கிளாம்ப்புக்கு அடியில் செருகுங்கள். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே வெயில் நேரம், ஒரே ஐடிலிங் நிமிடம் இருக்கட்டும்.

கேள்வி: லிக்விட் கூலிங் டூரிங் வண்டி. ஃபேன் ஓடினால் முழங்காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் காலில் அடிப்பது ரேடியேட்டர் காற்று. ரேடியேட்டர் இதழ்களுக்குள் அடைந்த மண்ணையும் பூச்சிகளையும் பின்பக்கமிருந்து மெல்லிய நீர்வீச்சால் வெளியேற்றுங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலவையா என்று பாருங்கள். காற்றைக் கீழே திருப்பிவிடும் தகடுகளைப் பொருத்துங்கள். எக்ஸாஸ்ட்டுக்கு ஒதுக்கிய பணம் மிஞ்சும்.

கேள்வி: வெயிலில் வெகுநேரம் நின்றால் பின் சிலிண்டர் நின்றுவிடுகிறது, சத்தமே மாறுகிறது. பைப் மாற்றியதால் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. பல ஹார்லி டூரிங் வண்டிகளின் இசியூவில், சூடு எல்லை தாண்டியதும் ஐடிலிங்கில் பின் சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. கிளட்சை விட்டு நகர்ந்ததும் இரண்டும் ஓடும். வேண்டுமானால் அணைத்துவைக்கலாம், முறை வண்டிக் கையேட்டில் உள்ளது. ஆனால் தொடைச் சூடுதான் உங்கள் புகார் என்றால் அணைக்காதீர்கள்.