தொட்டி ராஸ்பெர்ரி ஏன் காய்க்கவில்லை?

வணக்கம். மதுரை திருநகர் மொட்டைமாடியில் வைத்த ராஸ்பெர்ரியை ஆண்டுதோறும் தை மாதம் அடியோடு வெட்டுகிறீர்கள், தழை வருகிறது, பழம்தான் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள். ராஸ்பெர்ரியில் வேர்தான் பல ஆண்டு வாழும். தண்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. பெரும்பாலான ரகங்களில் முதல் ஆண்டு தண்டு வளரும், மறு ஆண்டு அதே தண்டில்தான் பூவும் காயும். நீங்கள் வெட்டி எறிவது அடுத்த பருவத்துப் பழத்தை! காய்த்து ஓய்ந்த தண்டு பழுப்பேறி, பட்டை உரிந்து நிற்கும். அதை மட்டும் அடியோடு எடுங்கள். பச்சைத் தண்டைத் தொடாதீர்கள்.

ஆனால் கவாத்தை, அதாவது வெட்டும் முறையை, திருத்தினாலும் மதுரையில் சிவப்பு ராஸ்பெர்ரி கைகொடுப்பது அரிது. உங்களுக்கு வீண் நம்பிக்கை தர மனம் வரவில்லை. 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் பட்டால்தான் அதன் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். நமக்கோ மார்கழி விடியலிலேயே 20 டிகிரியை ஒட்டி இருக்கிறது.

ஆசை விடவில்லையென்றால் மைசூர் ராஸ்பெர்ரியைத் தேடுங்கள். தண்டில் வெண்சாம்பல் பூத்திருக்கும், பழம் கருத்துப் பழுக்கும். வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பிற்பகல் நிழல் கட்டாயம்.

என்னைக் கேட்டால் முசுக்கொட்டை (மல்பெரி) வையுங்கள். நம் வெயிலுக்கு அது அசராது. கிளைகளை வெட்டி, நன்றாகத் தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால், புதுத் துளிரோடு சேர்ந்தே காயும் வரும்.